நிறுத்தி வைக்கப்பட்ட நிழல்

புகைப்படம் எடுப்பது கூடுமா, கூடாதா என்ற வினா கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபுலக அறிஞர்களிடையே நெடிய விவாதமாக நிகழ்ந்தது. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முத்தீஈ (மறைவு 1935) இதற்கெனவே ஒரு சிறு நூல் எழுதினார். கருவி கொண்டு எடுக்கும் படம் கையால் உருவம் சமைப்பது ஆகாது. விழுந்த நிழலை விழுந்த இடத்திலேயே தடுத்து நிறுத்துவதே அது என்பது அன்னாரது வாதம். 'ஹப்ஸுழ் ழில்', அதாவது நிழலை நிறுத்தி வைத்தல், என்ற சொற்றொடரை நாம் மாணவராயிருந்த நாளில் ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டு வியந்ததுண்டு.

அந்த விவாதம் இன்று பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. கைப்பேசி வந்தபின் படம் எடுக்காத கை அரிது. ஆயினும், நிழலை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்ட நாம், அந்த நிழல் யாருடையது என்று போதிய அளவு கேட்டோமில்லை. அரபியில் 'ஹப்ஸ்' என்ற சொல்லுக்கு இரு வழக்குகள் உள. ஒன்று, சிறை வைத்தல். மற்றொன்று, வக்ஃபு செய்தல். மொராக்கோ முதலிய மேற்கு அரபு நாடுகளில் வக்ஃபுச் சொத்தை 'ஹுபுஸ்' என்றே வழங்குவர். மூலப்பொருளை நிறுத்தி வைத்து, அதன் பயனை மக்களுக்கு விடுதல் என்பது வக்ஃபின் இலக்கணம். ஆகவே, நிறுத்தி வைக்கப்பட்ட நிழல் கைதியாகவும் இருக்கலாம், அறக்கொடையாகவும் இருக்கலாம். எப்போது அது எதுவாகிறது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

செல்வர் ஒருவர் தம் விருப்பப்படி அமர்ந்து எடுத்துக்கொள்ளும் படத்தில் இவ்வினா அவ்வளவாக எழுவதில்லை. பசித்தவர், வேலையிழந்தவர், வீடிழந்தவர் ஆகியோரின் அச்சம் படமாகும்போதுதான் அது கூர்மை பெறுகிறது. இதன்பொருட்டு அமெரிக்காவில் 1933 முதல் 1944 வரை எடுக்கப்பட்ட சில படங்களைத் தேர்ந்துகொண்டோம். அன்றாட வாழ்வைச் சூழும் அச்சங்கள் பலவும் அக்காலத்தில் கேமராவின் முன் ஒருசேர வந்தன. அன்றியும், அப்படங்களின் பிற்கால வரலாறும், படத்தில் உள்ளோர் சிலரின் மனக்குறையும் பதிவாகியுள்ளன.

முகம் மறைந்த மனிதர்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933 அளவில் அந்நாட்டு உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தார். சான்பிரான்சிஸ்கோவில் வசதி படைத்தோரின் உருவப்படங்களை எடுத்துப் பிழைத்துவந்த டோரத்தியா லாங் அம்மையார் (1895–1965) தமது நிலையத்தின் சன்னல் வழியே தெருவில் அலையும் மனிதர்களைக் கண்டார். கேமராவுடன் கீழே இறங்கினார். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, வாழ்நாள் முழுதும் சற்றே நொண்டி நடந்தவர் அவர். பன்னிரண்டாம் வயதில் தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். துணையற்ற நிலை அவருக்குச் செவிவழிச் செய்தி அன்று.

செல்வப் பெண்மணி ஒருவர் நடத்திய இலவச உணவு வரிசையில் அவர் எடுத்த 1933 ஆம் ஆண்டுப் படம் இன்றும் பேசப்படுகிறது. கூட்டம் ஒரு திசை நோக்கி நிற்கிறது. ஒரு முதியவர் மட்டும் அதற்கு முதுகு காட்டித் திரும்பி, மரத் தடுப்பின் மீது முழங்கைகளை ஊன்றி, இரு கைகளையும் கோத்து நிற்கிறார். கைகளுக்கிடையே ஒரு தகரக் குவளை. நைந்த தொப்பியின் விளிம்பு கண்களை மறைத்துவிடுகிறது. அத்தொப்பி ஒரு காலத்தில் மதிப்பாக வாழ்ந்தவருடையது என்பது பார்த்த அளவில் தெரியும். கையேந்த நேர்ந்ததைவிட, கையேந்துவோர் வரிசையில் தம்மை எவரேனும் கண்டுவிடக்கூடாதே என்பதே அவரது துயரம் என நமக்குத் தோன்றுகிறது.

இப்படத்தின் சிறப்பு, அந்தத் துயரை முழுமையாகக் காட்டிய பின்னும் அம்மனிதரைக் காட்டிக்கொடுக்காமையே. அவர் யாரெனக் கண்டுகொள்வது எளிதன்று. அறிவு பெறுவது பார்ப்பவர். மானம் இழப்பவர் எவருமில்லை. பிறர் குறையை மறைக்கும் 'ஸத்ர்' என்ற பண்பைத் தொப்பியின் விளிம்பு இங்கே தற்செயலாகச் செய்துவிட்டது. தற்செயலாக வாய்த்தது பின்னர் வாய்க்கவில்லை.

நிபோமோவின் தாய்

1935 இல் லாங் அரசுப் பணியில் சேர்ந்தார். வறிய உழவர்களைக் குடியமர்த்தும் பொருட்டு அவ்வாண்டு தொடங்கப்பெற்ற துறை, 1937 இல் 'வேளாண் பாதுகாப்பு நிர்வாகம்' எனப் பெயர் மாறியது. அதன் படப் பிரிவை ராய் ஸ்ட்ரைக்கர் நடத்தினார். அரசின் உதவித் திட்டங்களுக்கு மக்களின் ஆதரவைத் திரட்டுவது அப்பிரிவின் நோக்கங்களுள் ஒன்று. பாதுகாப்பு என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஓர் அலுவலகம், பாதுகாப்பற்றோரின் படங்களை ஆயிரக்கணக்கில் சேர்க்கலாயிற்று.

1936 மார்ச் மாதம், பல நாள் அலைந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த லாங், கலிபோர்னியாவின் நிபோமோ அருகே பட்டாணி பறிப்போர் முகாம் என்ற பலகையைக் கண்டார். கடந்து சென்றவர் ஏறத்தாழ 20 மைல் தொலைவிலிருந்து மனம் கேளாது திரும்பினார். உறைபனியில் பயிர் அழிந்து, வேலையின்றி மக்கள் முடங்கிக்கிடந்த முகாம் அது. முதற்கண் பட்ட கூடாரத்தின் முன் பிள்ளைகளுடன் அமர்ந்திருந்த ஒரு தாயை அணுகிச் சில படங்கள் எடுத்தார். ஏனைய கூடாரங்களை நெருங்கவில்லை. அத்தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று அவரே 1960 இல் எழுதிய குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். வயது மட்டும் தெரிந்தது: 32.

அன்று எடுத்த படங்களை வரிசையாக வைத்து நோக்கினால், கேமரா படிப்படியாக நெருங்கியமை புலனாகும். தொலைவிலிருந்து எடுத்தவற்றில் கூடாரம், பெட்டி, மண் ஆகியவற்றோடு பதின்வயது மகளும் உண்டு. இறுதிப் படத்தில் அவை யாவும் நீங்கிவிட்டன. நடுவே தாய், மடியில் கைக்குழந்தை, இருபுறமும் இரு சிறுவர் முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் சாய்ந்துள்ளனர். தாயின் கை கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க, விழிகள் தொலைவில் எதையோ நோக்குகின்றன. முகம் திருப்பிய பிள்ளைகளால் பார்வையாளரின் நோக்கு அத்தாயின் நெற்றிச் சுருக்கங்களிலேயே நிலைகொள்கிறது. நாளைய உணவு எங்கிருந்து வரும் என்ற ஒற்றை வினாவை இவ்வளவு தெளிவாக வேறெப்படமும் கேட்டதாக நாம் அறியோம். கலையளவில் அது குறைவற்றது. சட்டகத்தின் மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரலைக்கூட லாங் பிற்பாடு நெகட்டிவிலிருந்து அகற்றச் செய்தார் என்பது, அவர் அந்நிறைவை எவ்வளவு வேண்டினார் என்பதற்குச் சான்று.

படம் சான்பிரான்சிஸ்கோ நாளிதழில் வந்ததும் அரசு 20,000 பவுண்டு உணவை அம்முகாமுக்கு அனுப்பியது. பலர் பசியாறினர். இதனை நாம் சிறுமைப்படுத்தலாகாது. ஆயின், உணவு வந்தபோது அக்குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது.

நாற்பதாண்டுகளுக்கு மேல் அத்தாய் பெயரற்றவராகவே உலகெங்கும் தொங்கினார். 1978 இல்தான் ஒரு செய்தியாளர் அவரைக் கண்டறிந்தார். அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். அந்தப் படத்தை எடுக்காமலேயே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்றும், பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றும் அவர் குறைபட்டார். படத்தை விற்பதில்லை என்றும் ஒரு பிரதி அனுப்புவதாகவும் லாங் சொன்னதாக அவர் நினைவிலிருந்தது. படம் அரசின் உடைமை. அதனால் லாங்கிற்கும் உரிமைத்தொகை வரவில்லை என்பதையும் நீதியின்பொருட்டுச் சொல்லியாக வேண்டும். அக்குடும்பம் காரின் டயர்களை விற்று உணவு வாங்கியதாக லாங் எழுதியிருந்தார். அப்படி எதுவும் நிகழவில்லை, வேறொரு குடும்பத்தின் கதையோடு அவர் குழப்பிக்கொண்டார் என்று பிள்ளைகள் மறுத்தனர். அப்படம் தம் வீட்டாருக்கு நாணத்தைத் தந்தது என்று மகள்களுள் ஒருவர் 2008 இல் கூறினார்.

மற்றொரு மறைவும் உண்டு. புயலும் வறட்சியும் விரட்டிய வெள்ளை உழவர் குலத்தின் அன்னையாகவே நாடு அவரைக் கண்டது. உண்மையில் அவர் செரோக்கி பழங்குடி வழியினர். 1903 இல், அக்குலத்தார் முன்னமே விரட்டப்பட்டு ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் பிறந்தவர். 1920களிலேயே கலிபோர்னியா வந்தவர். பெயர் கேட்டிருந்தால் ஊரும் குலமும் தெரிந்திருக்கும். அந்த நெற்றிச் சுருக்கத்தின் காரணம் ஓராண்டுப் பனியோடு முடிவதில்லை என்பதும் விளங்கியிருக்கும். பெயர் விடுபட்டதால் வரலாறே விடுபட்டது. இது ஒழுக்கக் குறை மாத்திரமன்று, அறிவுக் குறையுமாகும்.

1983 இல் அவர் நோயுற்றபோது, பிள்ளைகள் மருத்துவச் செலவுக்காகப் பொதுமக்களிடம் வேண்டினர். ஏறத்தாழ 35,000 டாலர் சேர்ந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார். 1998 இல் அப்படம் 32 சென்ட் அஞ்சல் தலையாயிற்று. அதே ஆண்டு லாங்கின் கையெழுத்துக் குறிப்புகள் கொண்ட ஒரு பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போயிற்று.

அச்சமற்ற நிலையைக் குறிக்கும் 'அம்ன்' என்ற சொல்லும், நம்பி ஒப்படைத்த பொருளைக் குறிக்கும் 'அமானத்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை அரபி பயில்வோர் அறிவர். பிறரது அச்சத்தைப் படம்பிடிப்பவர் கையில் ஓர் அமானிதம் வந்து சேர்கிறது. நிபோமோவில் படம் வென்றது, அமானிதம் தவறியது. இரண்டும் ஒருசேர உண்மை.

பெயர் கேட்டவர்

அதே நிர்வாகத்தில் 1942 இல் பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர் கோர்டன் பார்க்ஸ் என்ற கறுப்பின இளைஞர். வாஷிங்டன் நகரின் கடையிலும் உணவகத்திலும் திரையரங்கிலும் நிறத்தின் பேரால் விரட்டப்பட்டுச் சினத்தோடு திரும்பிய அவரிடம், இந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பெண்மணியோடு சற்று உரையாடிப் பாரும் என்று ஸ்ட்ரைக்கர் சொன்னார். பார்க்ஸ் உரையாடினார். எலா வாட்சன் என்பது அவர் பெயர். தந்தையை வெள்ளையர் கும்பலுக்குப் பலிகொடுத்தவர்; கணவரைத் துப்பாக்கிக் குண்டுக்கு இழந்தவர்; ஆண்டுக்கு 1,080 டாலர் ஊதியத்தில் பேரக்குழந்தைகளைக் காப்பவர். இவற்றையெல்லாம் பார்க்ஸ் அவர் வாயிலாகக் கேட்டறிந்த பின்னரே கேமராவை எடுத்தார்.

சுவரில் தொங்கும் தேசியக் கொடியின் முன் ஒரு கையில் துடைப்பமும் அருகில் தரை துடைக்கும் கோலுமாக வாட்சன் நிமிர்ந்து நிற்கும் படம் புகழ்பெற்றது. கலை நோக்கில் அது லாங்கின் படத்துக்கு ஈடாகாது என்பதே நமது கருத்து. கொடியும் துடைப்பமும் உரத்த குரலில் பேசுகின்றன; பார்வையாளர் தாமாகக் கண்டறிய அதிகம் எஞ்சவில்லை. ஆயினும் பார்க்ஸ் அதனோடு நிறுத்தாமல், பின்வந்த வாரங்களில் அவரது வீட்டையும் பேரக்குழந்தைகளையும் அவர் வழிபடும் இடத்தையும் தொடர்ந்து படமெடுத்தார். அவற்றில் வாட்சன் வறுமையின் சின்னமாக இல்லை. சமைக்கிறார், குழந்தைகளைப் பேணுகிறார், தொழுகிறார். அச்சமும் ஊதியக் குறைவும் அவ்வாழ்வின் ஒரு பகுதியே என்பது தெரிகிறது. ஒரு படம் சொல்ல இயலாததைப் பல படங்களும் ஒரு பெயரும் சொல்லிவிட்டன.

பூட்டி வைக்கப்பட்ட படங்கள்

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். அதன் விளைவாக ஜப்பானிய வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் கடையும் நிலமும் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். எதிரியின் முகச்சாயலில் பிறந்ததே அவர்கள்மீது சாட்டப்பட்ட ஐயத்துக்குக் காரணம். இவ்வாறான ஐயத்தின் கனத்தை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த வெளியேற்றத்தைப் பதிவு செய்ய அரசு அமர்த்தியவர்களுள் லாங்கும் ஒருவர். முள்வேலி, காவல் கோபுரம், ஆயுதமேந்திய காவலர் ஆகியவற்றைப் படமெடுக்கலாகாது என்பது நிபந்தனை. ஆகவே அவர் வேறிடங்களில் நோக்கினார். ஓக்லாந்தில் ஒரு மளிகைக் கடையின் முகப்பில், தான் ஓர் அமெரிக்கன் என்று உரிமையாளர் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். மேலே கடை விற்கப்பட்டதற்கான அறிவிப்பு. சான்பிரான்சிஸ்கோப் பள்ளியொன்றில் சிறுமியர் நெஞ்சில் கை வைத்து நாட்டுக் கொடிக்கு உறுதிமொழி சொல்கின்றனர். சில நாள்களில் அவர்களுட் பலர் முகாமுக்குப் போவர். ஹேவர்டில் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் நல்லாடை உடுத்தியுள்ளனர். சரக்கு மூட்டைக்குக் கட்டுவது போன்ற எண் அட்டைகள் அவர்தம் மேலாடைகளில் தொங்குகின்றன. ஆயுதம் எதுவும் இல்லாத இப்படங்கள், ஓர் அலுவலக ஆணை எவ்வாறு ஒரு குழந்தையின் சட்டைப் பொத்தான் வரை வந்து சேர்கிறது என்பதைக் காட்டுகின்றன. வன்முறையின் பதிவுகளிலும் இத்தகையன அரிது.

எண்ணூறு அளவிலான அப்படங்களை இராணுவம் போர் முடியும்வரை தடுத்து வைத்தது. சில பிரதிகளின் மீது 'பறிமுதல்' என்ற பொருள்பட எழுதப்பட்டது. பின்னர் அவை ஓசையின்றித் தேசிய ஆவணக் காப்பகம் சேர்ந்தன. 2006 இல்தான் அவற்றுள் ஒரு பகுதி தனி நூலாகப் பரவலாக அறிய வந்தது. மனிதர்களைச் சிறை வைத்த அரசு, அவர்களது நிழல்களையும் சிறை வைத்தது. 1936 இன் தாய் தம் படம் உலகெங்கும் பரவுவதை விரும்பவில்லை, அது பரவியது. 1942 இன் குடும்பங்களுக்கோ சாட்சி தேவையாயிருந்தது, அது பூட்டப்பட்டது. அரசுக்குத் துணையான நிழல் உலவ, அரசைக் குற்றஞ்சாட்டிய நிழல் அடைபட்டது. இரண்டிலும் முடிவு செய்தவர் நிழலுக்கு உரியவர் அல்லர்.

அவ்வாறு உரியவரே நிழலைக் கையில் எடுத்த நிகழ்வும் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் புகைப்பட நிலையம் நடத்திய டோயோ மியாதாகே, மன்ஸனார் முகாமில் அடைக்கப்பட்டவர். கைதிகள் கேமரா வைத்திருப்பது குற்றம். அவர் ஒரு லென்சை மறைத்துக் கொணர்ந்து, உள்ளிருந்த தச்சர் ஒருவரைக் கொண்டு மரப்பெட்டியில் கேமரா செய்துகொண்டார். இது தெரியவந்தபோது முகாம் நிர்வாகம் அவருக்குப் படமெடுக்க அனுமதி தந்தது. ஆனால் தொடக்கத்தில் ஒரு விந்தையான விதி. கோணமும் ஒளியும் அவர் அமைக்கலாம். பொத்தானை மட்டும் வெள்ளையர் ஒருவரே அழுத்த வேண்டும். நிழல் யாருடையது என்ற நமது வினாவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பின்னர் அவ்விதி தளர்ந்தது. லாங் எடுக்கத் தடுக்கப்பட்ட முள்வேலியும் காவல் கோபுரமும், வேலியருகே நிற்கும் மூன்று சிறுவர்களோடு அவரது 1944 அளவிலான படத்தில் இடம்பெற்றன. அதே கேமரா திருமணங்களையும் பள்ளி விழாக்களையும் பதிவு செய்தது. அச்சத்தின் நடுவே வாழ்வு நின்றுவிடவில்லை என்பதை உள்ளிருந்தவரே காட்ட முடிந்தது. 1988 இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, எஞ்சியிருந்தோருக்குத் தலா 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது.

முத்தவல்லியின் கடமை

இனித் தொடக்கத்தில் கூறிய சொல்லுக்குத் திரும்புவோம். நிபோமோவின் படம் பலருக்கு உணவளித்தது; தலைமுறைகளின் மனச்சான்றைத் தொட்டது. பயன் பொதுவில் விடப்பட்டதால் அது வக்ஃபு போன்றதே என ஒருவர் வாதிடலாம். ஆனால் வக்ஃபுக்கு ஒரு வாகிஃப் வேண்டும். அவர் தம் பொருளைத் தம் இசைவோடு தந்திருக்க வேண்டும். இசைவு பெறாது எடுத்த பொருளால் ஊருக்கு எவ்வளவு நன்மை விளைந்தாலும் அது வக்ஃபு ஆவதில்லை. படமெடுப்பவர் நிழலுக்கு உடைமையாளர் அல்லர், முத்தவல்லி மாத்திரமே. வாகிஃப் யார், அவர் விதித்த நிபந்தனை யாது, பயன் யாரைச் சேர்கிறது என்ற கணக்கை அவர் என்றும் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.

இசைவு கேட்டுக்கொண்டிருந்தால் எந்த உண்மையும் வெளிவராது என்ற மறுப்பு எழக்கூடும். கொடுமை இழைப்பவரின் இசைவை எவரும் கேட்கச் சொல்லவில்லை. துன்புறுபவரின் இசைவே இங்குப் பேசப்படுகிறது. அவரோ பெரும்பாலும் சாட்சியை வேண்டுபவரே. தம்மை ஒரு மனிதராகக் கேட்டுவிட்டுச் செய்யும் சாட்சியை.

இவற்றையெல்லாம் எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற ஐயம் நம்மை உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பேற்றிருந்த ஓர் உதவி நிகழ்ச்சியில் ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் கேமராவைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "கொஞ்சம் நிமிர்ந்து பாரும்மா" என்று சொன்னவர் நாமே. அவர் நிமிர்ந்தார். ஆண்டறிக்கையில் படம் வந்தது. கீழே நன்கொடையாளரின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. உணவு வரிசையில் நின்ற அந்த முதியவரின் தொப்பியைக் காணுந்தோறும் நமக்கு அந்த முக்காடு நினைவுக்கு வருகிறது.

அதன்பின் அறிக்கைக்குப் படமெடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் பெயரும் விருப்பமும் கேட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கினோம். சிலர் இசைந்தனர், ஓரிருவர் பிள்ளைகளையும் அழைத்து வந்து உடன் நிற்கச் செய்தனர். சிலர் வேண்டாம் என்றனர். அவர்கள் பக்கங்களில் தையல் இயந்திரத்தின் படம் மட்டும் வெளிவந்தது. நன்கொடை எதுவும் குறைந்துவிடவில்லை.